வோல்ட்டும் ஆம்பியரும் தெரிந்தால் ஓமும் வாட்டும்: அளப்பதிலிருந்து கணக்கு வரை முழுமையான வழிகாட்டி

கணக்கு இரண்டே வரிதான். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை ஓமில் வரும். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் மின்திறன் வாட்டில் வரும். பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கும் இந்தக் கணக்கில் விடை தப்பிப்போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: வோல்ட்டை ஓரிடத்தில் பார்த்துவிட்டு, ஆம்பியரை வேறொரு நேரத்தில் பார்த்து, இரண்டையும் சேர்த்துப் போடுவது. எந்தப் பொருளின் மின்தடை வேண்டுமோ அதன் இரு முனைகளுக்கு நடுவே இருக்கும் வோல்ட், அதே நேரத்தில் அதன் வழியே ஓடும் ஆம்பியர், இந்த இரண்டை மட்டும்தான் கணக்குக்குள் விட வேண்டும். கீழே வரும் அத்தனை கணக்கும் இந்த ஒரு விதியில் நிற்கிறது.

கணக்கு

மின்தடை = வோல்ட் ÷ ஆம்பியர்
திறன் = வோல்ட் × ஆம்பியர்

இவை இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று போட்டால் இன்னும் இரண்டு கிடைக்கும்.

திறன் = ஆம்பியர் × ஆம்பியர் × ஓம்
திறன் = வோல்ட் × வோல்ட் ÷ ஓம்

வயரும் இணைப்பும் எவ்வளவு சூடாகும் என்று பார்க்க முதலாவது உதவும். வோல்டேஜ் குறைந்தால் ஹீட்டர் என்ன ஆகும் என்று பார்க்க இரண்டாவது உதவும்.

1000 வாட், 230 வோல்ட் என்று தகட்டில் எழுதிய இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1000 ÷ 230 = 4.35 ஆம்பியர். 230 ÷ 4.35 = 52.9 ஓம். இது தகட்டுக் கணக்கு. உங்கள் வீட்டில் அளந்தபோது 212 வோல்ட்டும் 4.0 ஆம்பியரும் வந்தால், மின்தடை 53 ஓம், திறன் 848 வாட். பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை, வரும் வோல்டேஜ்தான் குறைவு.

எவ்வளவு குறையும் என்பதைப் பலர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே, டிரான்ஸ்பார்மரிலிருந்து நீண்டு போகும் லைனின் கடைசியில் ஒரு வீடு இருக்கிறது, மாலையில் 195 வோல்ட்தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 195 × 195 ÷ 52.9 = 719 வாட். வோல்டேஜ் 15 சதவீதம் குறைந்தால் சூடு 28 சதவீதம் குறைகிறது. வோல்ட் இரண்டு தடவை பெருக்கப்படுவதால் வரும் வினை இது.

அலகில்தான் இன்னொரு வழுக்கல். 350 மில்லிஆம்பியர் என்பது 0.35 ஆம்பியர். மாற்றாமல் 230-ஐ 350-ஆல் வகுத்தால் 0.66 ஓம் வரும், சரியான விடை 657 ஓம். வீட்டுப் பொருள் ஒன்றுக்கு 5 ஓமுக்குக் கீழே விடை வந்தால் முதலில் புள்ளி எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள்.

கருவிகள்

ஒரு கிளாம்ப் மீட்டர் (வயரை வெட்டாமல், தாடையால் சுற்றிப் பிடித்தே ஆம்பியர் காட்டும் கருவி), ஒரு மல்டிமீட்டர் போதும். மல்டிமீட்டரில் வோல்ட் துளைக்குப் பக்கத்தில் 'கேட் 3, 600 வோல்ட்' (CAT III, மீட்டரின் பாதுகாப்புத் தரம்) அல்லது குறைந்தது 'கேட் 2' என்று அச்சிட்டிருக்க வேண்டும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சின்ன மஞ்சள் மீட்டர்கள் பலவற்றில் 10 ஆம்பியர் துளைக்குள் பியூஸே கிடையாது. முகப்பிலேயே பொடி எழுத்தில் அப்படி எழுதியும் இருக்கும். அந்தத் துளையில் புரோப் இருக்கும்போது மறதியாகப் பிளக் பாயிண்டில் வோல்ட் பார்க்கப் போனால், புரோப்பே நேர் ஷார்ட் ஆகிவிடும். வீட்டு மின்சாரத்தில் ஆம்பியர் பார்க்க மல்டிமீட்டரைத் தொடவே வேண்டாம், அதற்குக் கிளாம்ப் இருக்கிறது. மீட்டரின் 9 வோல்ட் பேட்டரி இறங்கியிருந்தால் அளவுகள் கூடுதலாகக் காட்டும். பேட்டரிக் குறி மினுங்கினால் எந்த அளவையும் நம்பாதீர்கள்.

கிளாம்பை முழுக் கேபிளையும் சுற்றிப் போட்டால் பூஜ்யம்தான் காட்டும். பேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் ஒன்றையொன்று அடித்துவிடும். ஒற்றை வயரைத் தனியே பிடிக்க ஒரு சின்ன இடைக்கேபிள் செய்து வைத்துக்கொள்வது நல்லது. 2.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் கேபிள் அரை மீட்டர், ஒரு முனையில் 16 ஆம்பியர் பிளக் டாப், மறுமுனையில் இரண்டு சாக்கெட் உள்ள பெட்டி. நடுவில் 15 சென்டிமீட்டருக்கு வெளித்தோலை மட்டும் நீளவாக்கில் கீறி எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் மூன்று வயரையும் பிரித்து வையுங்கள். உள் இன்சுலேஷனில் கத்தி பட்டிருந்தால் அந்தக் கேபிளைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுங்கள். ஒரு சாக்கெட்டில் பொருளைச் செருகலாம், அடுத்ததில் வோல்ட் பார்க்கலாம். வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும்.

பாதுகாப்புக்கும் இதே கணக்குதான். ஈர உடம்பின் மின்தடையை 1000 ஓம் என்று வைத்தால், 230 ÷ 1000 = 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லிஆம்பியர். வீட்டு ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே அணையும் ஸ்விட்ச்) 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே விழும்படி செய்யப்பட்டிருப்பது இதனால்தான். ஆனியிலும் ஐப்பசியிலும் இரண்டு மழையும் பெய்யும் மாவட்டம் கன்னியாகுமரி. தரை ஈரமாக இருக்கும் நாளில் போர்டைத் திறக்க வேண்டாம். ஆர்சிசிபி இல்லாத வீட்டில் கரண்ட் இருக்கும் முனைகளைத் தொட்டு அளக்கும் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

அளக்கும் முறை

1. கிளாம்பை ஏசி ஆம்பியரில் வையுங்கள். எதையும் பிடிக்காதபோது பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள்.
2. இடைக்கேபிளைப் பாயிண்டில் செருகி, பிரித்து வைத்த பேஸ் வயரை மட்டும் கிளாம்புக்குள் விடுங்கள்.
3. பொருளைச் செருகி, தெர்மோஸ்டாட் இருந்தால் முழுவதும் திருப்பி வையுங்கள். ஒரு நிமிடம் விடுங்கள். தெர்மோஸ்டாட் கட் ஆன நேரத்தில் பார்த்தால் ஆம்பியர் பூஜ்யம்தான்.
4. மல்டிமீட்டரை ஏசி 750 அல்லது 600 வோல்ட் ரேஞ்சில் வைத்து, இரண்டு அளவையும் ஒரே நேரத்தில் படியுங்கள். மாலையில் வோல்டேஜ் ஆடிக்கொண்டே இருக்கும், மூன்று முறை எடுத்துச் சராசரி போடுவது நல்லது.
5. வகுத்து ஓம் எடுங்கள், பெருக்கி வாட் எடுங்கள்.
6. பொருளை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஆறிய பிறகு பிளக்கின் இரண்டு பின்களுக்கும் நடுவே ஓம் பாருங்கள். முதலில் புரோப்புகளை ஒன்றோடொன்று தொட வைத்தால் 0.2 முதல் 0.5 ஓம் வரை காட்டும், அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். உலோக முனைகள் இரண்டையும் விரலால் பிடித்துக்கொண்டு பார்க்காதீர்கள்.

ஐந்தாவதும் ஆறாவதும் ஒத்துப்போகுமா என்றால், பொருளைப் பொறுத்தது. இஸ்திரிப் பெட்டி, கெட்டில், வாட்டர் ஹீட்டர் ஆகியவற்றில் இருப்பது நிக்ரோம் கம்பி. சூடானாலும் அதன் மின்தடை சில சதவீதமே மாறும், ஆகவே இரண்டு விடையும் பக்கத்தில் பக்கத்தில் வரும். பழைய 100 வாட் குண்டு பல்பு வேறு கதை. எரியும்போது 529 ஓம் இருப்பது, ஆறிய நிலையில் 40 ஓம் அளவில்தான் காட்டும். அந்த 40-ஐ வைத்துத் திறன் கணக்கிட்டால் 230 × 230 ÷ 40 = 1322 வாட்! டங்ஸ்டன் இழை சூடாகச் சூடாக மின்தடை பன்மடங்கு ஏறுவதுதான் காரணம். பல்பு பெரும்பாலும் ஸ்விட்ச் போடும் நொடியில் பியூஸ் போவதற்கும் இந்தக் குளிர்ந்த இழைதான் காரணம்.

எல்இடி பல்பு, டிவி, போன் சார்ஜர் ஆகியவற்றுக்கு வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து வரும் ஓமுக்கு எந்த அர்த்தமும் இல்லை. உள்ளே இருக்கும் சர்க்யூட், வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியரைக் கூட்டி இழுக்கும். அங்கே ஓம் கணக்கை விட்டுவிடுங்கள்.

விடையை எவ்வளவு நம்பலாம்? வகுத்தாலும் பெருக்கினாலும் இரண்டு அளவுகளின் பிழையும் கூடும். மல்டிமீட்டர் 1 சதவீதம், கிளாம்ப் 2 சதவீதம் என்றால், 53 ஓம் என்று வந்த விடை 51.4 முதல் 54.6 வரை எதுவாகவும் இருக்கலாம். கால்குலேட்டர் காட்டும் ஆறு இலக்கத்தையும் நோட்டில் எழுதுவது வீண். ஆம்பியர் சிறியதாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். கிளாம்பின் கடைசி இலக்கம் 0.01 ஆம்பியர், பிழை '2 சதவீதம், கூடவே 5 எண்' (கடைசி இலக்கத்தில் 5, அதாவது 0.05 ஆம்பியர்) என்று கையேட்டில் போட்டிருந்தால், 0.40 ஆம்பியர் அளவில் பிழை 14 சதவீதத்துக்குப் போய்விடும். அதற்கு ஒரு வழி உண்டு: வயரைக் கிளாம்பின் தாடைக்குள் பத்துச் சுற்று சுற்றினால் 4.0 என்று காட்டும், பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். சுற்றை எண்ணும்போது தாடைக்கு உள்ளே எத்தனை முறை போகிறது என்று எண்ண வேண்டும், வெளியே அல்ல.

கடற்கரை வீடுகளில் களிம்பு தின்னும் வாட்

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம், மணக்குடி என்று கடலையொட்டிய ஊர்களில் சுவிட்ச் போர்டைக் கழற்றினால் செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு படிந்திருப்பதைப் பார்க்கலாம், ஸ்க்ரூவும் துருவேறியிருக்கும். உப்புக்காற்று செய்யும் வேலை. மின்தடைக் கணக்கு வீட்டில் உண்மையிலேயே பணத்தையும் உயிரையும் காப்பாற்றும் இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

2000 வாட் வாட்டர் ஹீட்டர் ஓடுகிறது. போர்டுக்கு வரும் வயரில் 226 வோல்ட், ஹீட்டரின் முனையில் 222.6 வோல்ட், மின்னோட்டம் 8.4 ஆம்பியர். ஹீட்டரின் மின்தடை 222.6 ÷ 8.4 = 26.5 ஓம், அதில் குறை இல்லை. நடுவில் காணாமல் போன 3.4 வோல்ட்டை 8.4-ஆல் வகுத்தால் 0.4 ஓம். திறன் 3.4 × 8.4 = 28.6 வாட். இந்தச் சூடு எங்கோ ஓரிடத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது. வயர் முழுக்கப் பரவினால் கவலையில்லை. சாக்கெட்டின் ஒரு முனையில் மட்டும் என்றால், பிளாஸ்டிக்குக்குள் ஒரு சால்டரிங் அயர்னைச் செருகி வைத்தது போல.

எங்கே என்று கண்டுபிடிக்க 226-லிருந்து 222.6-ஐக் கழித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை, மீட்டரின் பிழையே 2 வோல்ட்டுக்கு மேல். ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் புரோப் வைத்து, அந்த இணைப்பின் குறுக்கே விழும் வோல்ட்டை நேராக அளக்க வேண்டும். லோடு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஸ்விட்சின் உள்முனைக்கும் வெளிமுனைக்கும் நடுவே ஒருமுறை, ஸ்க்ரூவுக்கும் அதில் நுழையும் கம்பிக்கும் நடுவே ஒருமுறை. முதலில் பெரிய ரேஞ்சில் தொடங்கி மெதுவாக இறங்குங்கள். இன்னொரு எச்சரிக்கை: 2 வோல்ட் ரேஞ்சில் புரோப் ஸ்விட்சின் குறுக்கே இருக்கும்போது யாராவது அந்த ஸ்விட்சை அணைத்தால், 230 வோல்ட்டும் மீட்டருக்குள் வந்துவிடும். ஆட்டோ ரேஞ்ச் மீட்டர் என்றால் இந்தத் தொல்லை இல்லை.

நல்ல இணைப்பில் 8 ஆம்பியருக்குச் சில பத்து மில்லிவோல்ட்தான் விழும். 100 மில்லிவோல்ட்டைத் தாண்டினாலே அந்த முனையைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. ஒரு முனையில் 1.6 வோல்ட் வந்தால் மின்தடை 0.19 ஓம், சூடு 13.4 வாட். கரண்டை அணைத்துவிட்டு அதே முனையை ஓம் ரேஞ்சில் பார்த்தால் இந்த 0.19 ஓம் புரோப் வயரின் சொந்த மின்தடைக்குள்ளேயே மறைந்துவிடும். 'மீட்டரில் எல்லாம் சரியாத்தான் காட்டுது' என்று சொல்லி மூடிய போர்டு பிறகு கருகுவது இப்படித்தான். சிறிய மின்தடைக்கு ஓம் ரேஞ்ச் உதவாது, ஓடும்போது எடுக்கும் வோல்ட்டும் ஆம்பியரும்தான் வழி.

சரிசெய்ய, ஸ்க்ரூவை இறுக்கினால் மட்டும் போதாது. கருத்த கம்பி முனையை வெட்டி எறிந்துவிட்டு, புதிதாக 1 சென்டிமீட்டர் உரித்து, மடித்து இரட்டையாக்கி முனைக்குள் விட்டு இறுக்குங்கள். சாக்கெட்டின் உள் தகடு ஒருமுறை சூடேறி இளகிவிட்டால் பிடி திரும்ப வராது, சாக்கெட்டையே மாற்ற வேண்டியதுதான். அலுமினியக் கம்பியையும் செம்புக் கம்பியையும் முறுக்கிச் சேர்த்திருந்தால், உப்புக்காற்றில் அந்த முடிச்சு வேகமாக அரித்துப்போகும். இரு உலோகத்துக்கான லக் (கம்பி முனையில் அழுத்திப் பொருத்தும் உலோகத் துண்டு) போட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

விளையில் ஓடும் மோட்டார்

வீட்டு மீட்டரிலிருந்து தென்னை விளையில் இருக்கும் கிணறு 80 மீட்டர் தூரம். 1 எச்பி ஒற்றை பேஸ் மோட்டார், ஓடும்போது 7 ஆம்பியர். எந்த வயர் போடலாம்?

செம்பு வயரின் மின்தடை, 1 கிலோமீட்டருக்கு: 1.5 சதுர மில்லிமீட்டர் 12.1 ஓம், 2.5-க்கு 7.4, 4-க்கு 4.6. இவை 20 டிகிரியில் உள்ள கணக்கு. வெயிலில் கிடக்கும் வயருக்குப் பத்து சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். மின்சாரம் போய்த் திரும்பவும் வர வேண்டும், ஆகவே 80 மீட்டர் தூரத்துக்கு 160 மீட்டர் வயர் என்று கணக்கிட வேண்டும். இதை மறந்தால் விடை சரிபாதியாகிவிடும்.

1.5 வயரில் 0.160 × 12.1 = ஏறக்குறைய 2 ஓம். 7 ஆம்பியருக்கு 14 வோல்ட் வயரிலேயே விழும், 7 × 7 × 2 = 98 வாட் வயரைச் சூடாக்கும். இதோடு போனால்கூடப் பரவாயில்லை. மோட்டார் புறப்படும் நொடியில் ஐந்து மடங்கு, அதாவது 35 ஆம்பியர் இழுக்கப் பார்க்கும். 35 × 2 = 70 வோல்ட் வழியிலேயே போய்விட, மோட்டாருக்கு 160 வோல்ட்தான் கிடைக்கும். புறப்படும் முறுக்குவிசை வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் பாதியும் மிஞ்சாது. மோட்டார் உறுமும், சுற்றாது. கெப்பாசிட்டர் போய்விட்டது என்று மாற்றிப் பார்ப்பார்கள், அதற்குள் காயில் கருகும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் மின்தடை 0.74 ஓம், ஓடும்போது 5 வோல்ட், இழப்பு 36 வாட், புறப்படும்போது 26 வோல்ட்தான் விழும். இழப்பில் மிச்சம் 62 வாட். தினமும் மூன்று மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் 11 யூனிட்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளில் உற்பத்தியாகும் மின்சாரத்தின் வோல்டேஜை உயர்த்தித்தான் லைனில் விடுகிறார்கள் என்பதும் இதே காரணத்தால்தான். வோல்டேஜ் மூன்று மடங்கானால் அதே திறனுக்கு ஆம்பியர் மூன்றில் ஒன்றாகும், வயரின் இழப்பு ஒன்பதில் ஒன்றாகும்.

மோட்டாருக்கு வாட் கணக்கிடும்போது வெறும் பெருக்கல் ஏமாற்றும். 230 × 7 = 1610. இது வோல்ட்-ஆம்பியர் மட்டுமே, வாட் அல்ல. மோட்டாரில் ஆம்பியர் வோல்ட்டுக்குப் பின்தங்கி வருவதால், பவர் பேக்டர் என்ற எண்ணாலும் பெருக்க வேண்டும். மின்வாரிய மீட்டரை வைத்தே அதை அறியலாம். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் ஓட விடுங்கள். மீட்டரில் மினுங்கும் சிவப்பு விளக்கின் அருகே, ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று கொள்வோம். 20 மினுக்கலுக்கு ஆகும் நேரத்தைப் போனில் பாருங்கள். முதல் மினுக்கலைப் பூஜ்யம் என்று எண்ணித் தொடங்க வேண்டும்.

வாட் = 36,00,000 × மினுக்கல் ÷ (மீட்டர் எண் × விநாடி)

18.6 விநாடி ஆனால் 1210 வாட். பவர் பேக்டர் 1210 ÷ 1610 = 0.75. மோட்டார் தரும் 1 எச்பி 746 வாட்தான், மீதி சூடாகவும் உரசலாகவும் போகிறது. ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி போன்றவற்றுக்குப் பவர் பேக்டர் 1 என்பதால் இந்தச் சிக்கல் கிடையாது. மோட்டார் காயிலை ஓம் ரேஞ்சில் பார்த்து 3 ஓம் வந்தால், 230 ÷ 3 = 77 ஆம்பியர் என்று பதற வேண்டாம். சுற்றும்போது காயிலிலேயே பிறக்கும் எதிர் வோல்டேஜ் ஆம்பியரைக் கட்டுக்குள் வைக்கும்.

இன்வெர்ட்டர் பேட்டரி

சாதாரண ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரின் வெளியீட்டை மலிவு மீட்டரில் பார்த்தால் 11 சதவீதம் கூடுதலாகக் காட்டும்: 220 வோல்ட் 244 ஆகத் தெரியும். 'ட்ரூ ஆர்எம்எஸ்' என்று எழுதிய மீட்டர்தான் அங்கே சரியாகச் சொல்லும்.

பேட்டரிப் பக்கம் வோல்ட் குறைவு என்பதால் ஆம்பியர் மிரட்டும். 400 வாட் லோடு, இன்வெர்ட்டரின் திறமை 80 சதவீதம் என்றால் பேட்டரி 500 வாட் தர வேண்டும்: 500 ÷ 12 = 41.7 ஆம்பியர். இது டிசி, ஏசி மட்டும் அளக்கும் கிளாம்பில் பூஜ்யம்தான் காட்டும். டிசி கிளாம்ப் இல்லாவிட்டால் கேபிளையே அளவுகோலாக்கலாம். 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளுக்கு மீட்டருக்கு 1.15 மில்லிஓம். 1 மீட்டர் கேபிளின் ஒரு லக்கிலிருந்து மறு லக் வரை டிசி மில்லிவோல்ட் பாருங்கள். 48 வந்தால், 48 ÷ 1.15 = 41.7 ஆம்பியர்.

அடுத்து பேட்டரியின் ஈயக் கம்பத்துக்கும் அதில் மாட்டிய கேபிள் முனைக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். 0.6 வோல்ட் வந்தால், மின்தடை 14 மில்லிஓம்தான், ஆனால் சூடு 0.6 × 41.7 = 25 வாட். பேட்டரியில் 12 வோல்ட் இருந்தும் இன்வெர்ட்டருக்கு 11.4 தான் போய்ச் சேரும், பேட்டரி தீர்ந்துவிட்டதென்று முன்கூட்டியே கட் ஆகும். லோடை அணைத்து, நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, களிம்பை வெந்நீரால் கழுவித் துடைத்து, உலோகம் மின்னும் வரை பிரஷால் தேய்த்து மாட்டுங்கள். இறுக்கிய பிறகு மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். அதே லோடில் திரும்ப அளந்தால் 0.05 வோல்ட்டுக்குள் வர வேண்டும். வராவிட்டால் லக்கைக் கேபிளோடு அழுத்திய இடத்தைச் சந்தேகித்து, கேபிளை வெட்டிப் புது லக் போடுங்கள்.